எழுபது வளைவுகளும் ஒரு மாத்திரையும்

காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலையின் மேல்தளத்தை அடையும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். பேருந்தில் ஏறியவர்கள் முதல் பத்து வளைவுகளைச் சிரித்துக்கொண்டே எண்ணுவார்கள்; இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டுக் கம்பியைப் பற்றிக்கொள்வார்கள். நாம் சென்ற அன்று, நமக்கு முன் இருக்கையில் இருந்த இளைஞர் இருவர் நாற்பதாம் வளைவுக்குள்ளாகவே வாடிச் சாய்ந்துவிட்டனர். நமக்கோ தலையும் சுற்றவில்லை, நெஞ்சும் படபடக்கவில்லை. 57 வயதில் இறைவன் நமக்கு அருளியிருக்கும் உடல்நலத்தை எண்ணி உள்ளூரப் பெருமை கொண்டோம். அந்தப் பெருமை மறுநாள் காலை வரைதான் நீடித்தது.

நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் மலையில் மிளகும் காப்பிக் கொட்டையும் வாங்கிச் சமவெளியில் விற்று வருகிறார். செம்மேட்டிலிருந்து சற்றுத் தொலைவில், ஒரு சிற்றூரின் ஓரத்தில், சரக்கு வைக்கவும் தங்கவுமாக ஒரு வீட்டை அமர்த்தியிருக்கிறார். “ஹஜ்ரத், நீங்கள் ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்கிப் போக வேண்டும்” என்று பல்லாண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறையை ஒட்டி அவ்வழைப்பை ஏற்றோம்.

தமிழ் படித்தவர்க்குக் கொல்லிமலை புதிய இடம் அன்று. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை நின்ற மலையும் அதுவே. தன்னை நெருங்கி வருவோரைப் பார்த்து அந்தப் பாவை புன்னகை செய்யும் என்றும், அப்புன்னகையில் மயங்கியவர் உயிர் துறப்பர் என்றும் பழங்கதை கூறும். கொல்ல வரும் ஒன்று சினந்து வராமல் சிரித்துக்கொண்டு வரும் என்ற கற்பனையை இளமையில் படித்து வியந்திருக்கிறோம். அது கற்பனை மட்டும் அன்று என்பதை அம்மலையிலேயே அறிய நேர்ந்தது.

மறுநாள் காலை திண்ணையில் அமர்ந்திருந்தோம். பனி இன்னும் விலகவில்லை. பக்கத்து வீட்டு வாசலில், எழுபது வயதைக் கடந்த மலைவாழ் மூதாட்டி ஒருவர் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பையுடன் மேட்டுப் பாதையில் ஒரு பெண்மணி ஏறி வந்தார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் அவர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிவைத்த திட்டம் அது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்ப்பதும், நோய் உள்ளவர்க்கு மாதந்தோறும் மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுப்பதும் அதன் பணி.

மூதாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பழகிய பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலத் தாமே சுவரில் சாய்ந்து அமர்ந்து, காலை நேராக ஊன்றிக் கையை நீட்டினார். 132-க்கு 80 என்று கருவி காட்டியது. மாத்திரை அட்டைகளைப் பெற்றுக்கொண்டு, அவற்றைத் தம் முந்தானையில் முடிந்தார். பிறகு நம்மைப் பார்த்து, “பாய் அய்யாவுக்கும் பாரு கண்ணு, வெள்ளத்தாடி வந்தாச்சு” என்றார்.

நாம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினோம். கருவியின் பட்டை இறுகியது, தளர்ந்தது. தன்னார்வலரின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. 184-க்கு 112.

“நேற்று மலையேறி வந்த களைப்பு அம்மா” என்றோம். “கொஞ்ச நேரம் பேசாம உட்காருங்கய்யா” என்றார் அவர். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தார். 178-க்கு 108. “இரவு புது இடம், சரியாக உறக்கம் இல்லை” என்றோம். மற்றொரு கையில் பார்த்தார். பெரிய மாற்றம் இல்லை. மூன்றாவது காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதே, “ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களாய்யா?” என்று கேட்டார். நம் மாணவர் அருகில் நின்றுகொண்டிருந்தார். பொய் சொல்ல நா எழவில்லை. உண்மை சொல்லவும் நா கூசியது.

மூன்றாண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு மருத்துவர் நமக்கு 168-க்கு 102 இருப்பதைக் கண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நான்கு மாதம் தவறாமல் உண்டோம். மீண்டும் பார்த்தபோது 130-க்கு 80 ஆகியிருந்தது. குணமாகிவிட்டது என்று நாமே தீர்ப்பு எழுதி, நாமே கையொப்பமும் இட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டோம். இல்லாள் இரண்டொரு முறை, “என்னங்க, டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?” என்று கேட்டார். “நமக்கு ஒன்றும் இல்லை” என்று கூறி அவர் வாயை அடைத்தோம். அழுத்தம் இறங்கியது மாத்திரையினால் அன்றோ! குடை பிடித்திருப்பதால் நனையாமல் இருப்பவன், நனையவில்லையே என்று குடையை வீசி எறிந்த கதைதான் நம் கதை.

அறியாமையால் அவ்வாறு செய்தோம் என்று கூறவும் நமக்கு வழியில்லை. நம் அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அண்ணன் துணிக்கடை வைத்திருந்தவர். மதரஸாவில் பயின்றவர் நாமாயினும், குர்ஆன் ஓதும் குரல் அவருக்கே வாய்த்திருந்தது. அத்தா உயிருடன் இருந்த காலத்தில், சுபுஹுக்குப் பின் அண்ணன் ஓதத் தொடங்கினால் அடுத்த வீட்டார் சன்னலைத் திறந்து வைப்பார்கள். அவருக்கும் இரத்த அழுத்தம் இருந்தது. 2012ஆம் ஆண்டு ரமளான் வந்தபோது, ‘நோன்புக் காலத்தில் வயிறு சுத்தமாக இருக்கிறது, மருந்து எதற்கு?’ என்று நிறுத்தினார். பதினேழாம் நோன்பன்று சஹர் முடித்து ஒளுச் செய்யக் குழாயடியில் அமர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலக் கையும் வலக் காலும் போயின. நாவும் போயிற்று. அதன்பின் இரண்டரை ஆண்டுகள் உயிரோடு இருந்தார். நாம் அருகில் அமர்ந்து ஓதினால் அவர் உதடுகள் அசையும், ஒலி வராது, கண்களில் நீர் மட்டும் வழியும். அவர் மறைந்த பின் கடை மேசையின் இழுப்பறையைத் திறந்தோம். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

இத்தனையும் கண்ணால் கண்டவர் நாம். கண்ட பிறகும் மாத்திரையை நிறுத்தினோம். ஏன்? இந்நோய் நமக்கு எதையும் சொல்லவில்லை என்பதே காரணம்.

நம் வழக்கில் இதனை ‘இரத்தக் கொதிப்பு’ என்கிறோம். இச்சொல் நம்மை நெடுங்காலமாக ஏமாற்றி வருகிறது என்றே நாம் கருதுகிறோம். கொதிப்பு என்றால் சூடு இருக்க வேண்டும். சினம் இருக்க வேண்டும். முகம் சிவக்க வேண்டும். சாந்தமான மனிதரைப் பார்த்து, ‘இவருக்கா கொதிப்பு?’ என்கிறோம். கோபக்காரரைப் பார்த்து, ‘பி.பி. ஏறிவிட்டது’ என்கிறோம். இரண்டும் பிழை. அரபு மொழியில் இதற்கு ‘ளக்துத் தம்’ என்று பெயர். ‘ளக்த்’ என்றால் அழுத்துதல், நெருக்குதல் என்று பொருள். ‘இரத்த அழுத்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லும் அதையே சரியாகக் குறிக்கிறது. இங்கே எதுவும் கொதிப்பதில்லை. குழாய்க்குள் ஓடும் நீர் குழாயின் சுவரை அழுத்துவது போல, இரத்தம் தன் நாளங்களின் சுவரை அழுத்துகிறது, அவ்வளவே. அந்த அழுத்தம் அளவோடு இருந்தால்தான் தலைமுதல் கால்வரை இரத்தம் செல்லும். அளவு மீறி, ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சுவர்கள் தடித்து விறைத்துப் போகின்றன; சில இடங்களில் நலிந்து போகின்றன.

இரண்டு எண்கள் ஏன்? இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண். அது விரிந்து ஓய்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். 120-க்கு 80 என்பதற்குக் கீழ் இருப்பது நல்லது. வெவ்வேறு நாட்களில் முறையாக அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய். இரண்டில் ஏதேனும் ஓர் எண் மிகுந்தாலும் போதும்.

இந்த எண்களை மனிதன் கண்டறிந்த வரலாறு நீண்டது. அதில் நம் முன்னோர்க்கும் பங்கு உண்டு. இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலில் நாடியைப் பற்றி விரிவாக எழுதினார். 1288-ல் கெய்ரோவில் மறைந்த இப்னுன் நஃபீஸ், அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதும்போது, இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரலின் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்று நிறுவினார். அவ்வுரையின் கையெழுத்துப் படியைப் பெர்லின் நூலகத்தில் 1924-ல் எகிப்திய மருத்துவர் ஒருவர் கண்டெடுத்த பிறகே உலகம் அவர் பெருமையை மீண்டும் உணர்ந்தது. இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-ல் இரத்த ஓட்டத்தை முழுமையாக விளக்கினார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் 8 அடிக்கு மேல் எழும்பி நின்றதைக் கண்டு, 1733-ல் நூலில் எழுதினார். கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை 1896-ல் இத்தாலியின் ரிவா ரோச்சி அமைத்தார். அப்பட்டைக்குக் கீழே ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் வழியை 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் காட்டினார். நாடி பிடித்து எத்தனையோ அறியலாம். ஆனால் இந்த எண்களை அறிய இயலாது. அளந்தால் மட்டுமே தெரியும்.

அளந்து தெரிந்துகொண்ட பின்னும் மருந்து இல்லாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. திண்ணையில் நமக்கு வந்த எண்ணும் ஏறக்குறைய அதுவே! உலகப் போரை நடத்திய அந்த மனிதருக்கு, அன்றைய மருத்துவர்களால் ஓய்வையும் உணவுக் கட்டுப்பாட்டையும் தவிரப் பெரிதாக எதையும் தர இயலவில்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, 63ஆம் வயதில் அவர் மாண்டார். அன்று அவருடைய மேல் எண் 300. நான்கே ஆண்டுகள் கழித்து, 1949-ல், நம் பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தி வேரினால் இரத்த அழுத்தம் குறைவதைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதி உலகறியச் செய்தார். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக மேலும் சிறந்த மருந்துகள் வந்தன. ஒரு பேரரசை ஆண்டவருக்குக் கிடைக்காத மருந்து, இன்று கொல்லிமலை மூதாட்டியின் முந்தானையில் விலையின்றி முடியப்பட்டிருக்கிறது. அதனை நாம் மூன்றாண்டுகள் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

சர்ப்பகந்தியின் பெயரைக் கேட்டதும், ‘அப்படியானால் மூலிகைக்குப் பெயர்போன இந்த மலையிலேயே ஒரு வேரைத் தேடி உண்ணலாமே’ என்று நம் மாணவர் கேட்டார். வேரிலிருந்து மருந்து வந்தது உண்மை. ஆனால் அளவு அறியாமல் உண்டால் அதே வேர் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு வீழ்த்தவும், மனத்தைச் சோர்வில் ஆழ்த்தவும் கூடும். அதனாலேயே மருத்துவர்கள் இன்று அதனைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அளவு தெரிந்த மருந்து கையில் இருக்கும்போது, அளவு தெரியாததைத் தேடுவது அறிவுடைமை ஆகாது.

அன்று முற்பகலிலேயே நம்மைச் செம்மேட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார் மாணவர். நமக்கு அங்கே மருத்துவம் செய்தவர் நம் மகன் வயதுடைய இளைஞர். இதயத்தின் மின்பதிவு எடுத்தார்; சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் செய்தார்; சமவெளிக்குப் போனதும் கண்ணின் உட்படலத்தைச் சோதித்துக்கொள்ளும்படி எழுதினார். இரத்த அழுத்தத்துக்குக் கண்ணும் சிறுநீரும் எதற்கு என்று கேட்டோம்.

“அழுத்தம் முதலில் கெடுக்கிறது மெல்லிய குழாய்களைத்தான். கண்ணிலும் சிறுநீரகத்திலும் மூளையிலும் இருப்பவை மெல்லியவை. அவை கெட்டுப்போனதை உங்கள் உடம்பு உங்களுக்குச் சொல்லாது” என்றார் அவர். மேலும் விளக்கினார்: மூளையில் குழாய் அடைத்தாலும் வெடித்தாலும் பக்கவாதம். இதயம் மிகுந்த அழுத்தத்தை எதிர்த்து நாளெல்லாம் உழைத்துத் தடித்து, முடிவில் தளர்ந்து போகும். மாரடைப்புக்கும் வழி பிறக்கும். சிறுநீரகம் ஓசையின்றிச் சுருங்கும். பார்வை மங்கும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தலைவலிகூட வராமல் போகலாம்; பெரும்பாலோர்க்கு வருவதில்லை.

ஒரு செய்தி வந்தால், அதனைக் கொண்டு வந்தவர் யார், அவர் நம்பத் தக்கவரா என்று ஆராயாமல் ஏற்கக் கூடாது என்று முப்பதாண்டுகளாக மாணவர்க்குப் பாடம் சொல்லி வருகிறோம். ஸஹீஹ் எது, ளயீஃப் எது என்று பகுத்துக் காட்டுவது நம் அன்றாடத் தொழில். ஆனால் ‘நான் நலமாக இருக்கிறேன்’ என்று நம் உடல் நமக்கு அறிவித்த செய்தியை மட்டும், அறிவிப்பாளரைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாமல் ஏற்றுக்கொண்டோம். இந்நோயைப் பொறுத்தவரை உடலைவிடப் பலவீனமான அறிவிப்பாளர் வேறு இல்லை. கொல்லிப்பாவை சிரித்துக்கொண்டே நின்றாள். நாமும் நெருங்கிச் சென்றுகொண்டிருந்தோம்.

இந்தப் பிழையில் நாம் தனித்தவர் அல்லர். உலகில் 30 முதல் 79 வயது வரை உள்ளோரில் 140 கோடிப் பேருக்கு 2024-ல் இந்நோய் இருந்தது என்றும், அவர்களில் ஐவரில் ஒருவருக்குச் சற்று மேலானோர்க்கே அது கட்டுக்குள் இருந்தது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2025-ல் அறிவித்தது. நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேர் இந்நோய் உடையவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பேராய்வு கூறுகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் பெரியவர்கள் மூவர் என்றால், அவர்களில் ஒருவர் இதற்கு ஆளாகியிருக்கக் கூடும் என்று கொள்ளலாம்.

புறப்படும் முன் அந்த இளம் மருத்துவர் ஒன்று சொன்னார். அதனை நாம் மறக்க மாட்டோம். “ஐயா, முகம் ஒருபக்கம் கோணினால், கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். குழாய் அடைத்ததால் வந்த வாதம் என்றால் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆனால் அடைப்பா, கசிவா என்று தெரியத் தலையைப் படம் எடுத்தாக வேண்டும். மலையில் இருப்பவர் அதற்கு முதலில் வளைவுகளில் இறங்க வேண்டும்.”

நாமக்கல்லுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அதில் 70 வளைவுகள். முதல் நாள் நாம் பெருமையோடு ஏறி வந்த அதே வளைவுகள். உணர்விழந்த ஒருவரைக் கிடத்திக்கொண்டு, இரவில், மழையில் ஒரு வண்டி அவற்றில் இறங்குவதை எண்ணிப் பார்த்தோம். நோய் வந்த பின் மருத்துவத்தைத் தேடி மனிதன் 70 வளைவுகள் இறங்க வேண்டும். வருமுன் மருத்துவமே அவன் திண்ணையைத் தேடி ஒரு மாத்திரையாக ஏறி வருகிறது. சமவெளியில் வாழும் நமக்கு அந்த வளைவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அண்ணன் குழாயடியில் விழுந்த அன்று, வண்டி பிடித்து, ஆளைத் திரட்டி, ஓரிடத்தில் இயலாது என்று இன்னோரிடம் போய்ச் சேர நண்பகல் ஆகிவிட்டது. நாமும் அன்று வளைவுகளில்தான் இறங்கிக்கொண்டிருந்தோம்.

மாலையில் மூதாட்டியோடு பேசிக்கொண்டிருந்தோம். “எங்க ஆத்தா காலத்துல உப்பு கீழ சந்தையிலருந்து தலைச்சுமையா வரணும் பாய் அய்யா. விரல்ல எடுத்துப் போடுவாங்க. சாமக் கஞ்சி, கேவுரு களி, காட்டுக் கீரை. இப்ப கடையில எல்லாம் தொங்குது, பேரப் பிள்ளைக பொட்டலத்தப் பிரிச்சு உப்பத் தின்னுட்டுத் தண்ணி குடிக்குதுக” என்றார். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது தேக்கரண்டி மட்டத்துக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. மூதாட்டியின் தாயார் அந்நிறுவனத்தை அறியார். மலைப்பாதையே அவருக்கு அளவுகோலாக இருந்தது.

நம் வீடுகளை எண்ணிப் பார்த்தோம். கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய், அப்பளம். கல்யாணப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தாளிச்சா. நோன்புக் கஞ்சிக்குத் துணையாகப் பொரித்தவை. இவற்றை அடியோடு விலக்கச் சொன்னால் யாரும் கேளார். உலையில் போடும் உப்பைச் சிறுகச் சிறுகக் குறைத்தால் சில வாரங்களில் நாவு பழகிவிடும் என்பது நாம் இப்போது அனுபவித்து அறிந்தது. சஹனில் உப்புக் கிண்ணம் வைக்காமல் இருப்பதும் பெரிய காரியமே. நடை, எடைக் குறைப்பு, புகையிலையை விடுதல் ஆகியவையும் மருந்துக்குத் துணை செய்யும். மருந்தின் இடத்தை அவை தாமாகவே பிடித்துவிடும் என்று மட்டும் நாமே முடிவு செய்யலாகாது.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். அண்ணன் செய்த பிழையை ஒவ்வொரு ரமளானிலும் நம் தாய்மாரும் தந்தைமாரும் செய்து வருகின்றனர். நாளுக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை நோன்பு திறந்த பின்போ சஹரிலோ உண்ணலாம். நீரைப் பிரிக்கும் மாத்திரை உண்பவர்க்கு நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சென்று, ‘நான் நோன்பு நோற்க விரும்புகிறேன், எப்படி உண்ண வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டால் முடிந்தது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது; உடல் நமக்கு அமானிதம் என்பதையும் அதுவே கற்பித்தது. அமானிதத்தைப் பாழாக்குவதைப் பக்தி என்று எண்ணிவிடலாகாது.

நம் பெண்மக்களைப் பற்றி மற்றொரு சொல். கணவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கைகளில் பட்டை கட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஊருக்குத் திரும்பியதும் ஒரு கருவி வாங்கினோம். முதலில் நம்மை அளந்த பின், இல்லாளை அளந்தோம். 152-க்கு 96. “எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்றார். அச்சொற்கள் நமக்குப் பழகியவை. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

அளப்பதிலும் ஒழுங்கு உண்டு. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே தேநீர், காப்பி, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட வேண்டும். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பட, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலாக இருக்க வேண்டும். சட்டையின் மேல் பட்டையைக் கட்டலாகாது. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்து எழுதி வைக்க வேண்டும். மாத்திரையால் கணுக்கால் வீங்கினாலோ, இருமல் வந்தாலோ, எழும்போது தலை சுற்றினாலோ மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். நாமாக நிறுத்துவதற்கு அவை காரணம் ஆகா. 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அளந்த 123 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் லான்செட் இதழ் வெளியிட்ட கட்டுரை, மேல் எண் 10 குறைந்தால் பக்கவாதம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று காட்டியது. பத்தே எண்கள்! அதற்குள் எத்தனை வீடுகளின் குரல் அடங்கியிருக்கிறது!

இரண்டு நாள் தங்கப் போனவர் நான்கு நாள் தங்கினோம். இறங்கும் நாளன்று மூதாட்டி ஒரு படி சாமையைத் துணியில் கட்டிக் கொடுத்தார். “மாத்திரைய விட்டுடாதீங்க பாய் அய்யா” என்றார். ஆசிரியர் தொழிலில் இருப்பவர்க்கு அறிவுரை கேட்பது எளிதன்று. ஆனால் அன்று மாணவர் முன்னிலையில் தலை குனிந்து கேட்டுக்கொண்டோம். பேருந்து 70ஆம் வளைவிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு இறங்கியது. இம்முறை நாம் பெருமை கொள்ளவில்லை. எண்ணிக்கொண்டு மட்டும் வந்தோம்.

இன்று காலை நம் அழுத்தம் 134-க்கு 82. இது மாத்திரையின் எண். நம் எண் அன்று. சுபுஹுக்குப் பின் குர்ஆனை விரித்து ஓதும்போது, அண்ணனுடைய அசைந்த உதடுகள் நினைவுக்கு வருகின்றன. அவருக்கு மறுக்கப்பட்ட ஒலி நமக்கு இன்னும் இருக்கிறது. ஓதி முடித்து, மேசையின் இழுப்பறையைத் திறந்து, அதில் உள்ள சீட்டைப் பார்த்து, அன்றைய மாத்திரையை எடுத்துக்கொள்கிறோம். மடிப்புகளில் அது கிழியத் தொடங்கிவிட்டது.

இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டு இழுப்பறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மடிப்புக் கலையாத சீட்டு ஒன்று அதில் இருந்தால், இன்றே எடுங்கள். இல்லையேல், வீட்டில் உள்ள பெரியவர் ஒவ்வொருவரையும் இவ்வாரமே அளந்து பாருங்கள். நலமாக இருக்கிறேன் என்று சொல்பவரை முதலில் அளவுங்கள். இறைவன் நம் அனைவர்க்கும் நலத்தையும், அந்த நலத்தைப் பேணும் அறிவையும் அருள்வானாக. ஆமீன்.